கதவு இறங்கியதால் உடைந்த பூட்டு: அழகர்கோவில் சாலை வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வீடும் புகாரும்

மதுரை அழகர்கோவில் சாலையில் அப்பன்திருப்பதியைத் தாண்டி உள்ளே திரும்பும் ஒரு தெரு. வீட்டில் ஓய்வுபெற்ற டீச்சரும் அவர் கணவரும் மட்டும்தான், பிள்ளைகள் வெளியூரில். வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு. தோப்பைப் பார்த்து உட்கார மேற்குப் பக்கம் ஒரு சிட்-அவுட். ஹாலுக்கும் அதற்கும் நடுவே 8 அடி அகலம், 7 அடி உயரத்தில் யுபிவிசி என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் செய்த ஸ்லைடிங் கதவு. மூன்று டிராக், இரண்டு கண்ணாடிக் கதவு, ஒரு கொசுவலைக் கதவு. இடப்பக்கக் கண்ணாடிக் கதவு எப்போதும் நின்ற இடத்தில் நிற்கும். வலப்பக்கத்துக் கதவைத்தான் தினமும் தள்ளுகிறார்கள். பூட்டும் அதில்தான்.

"கைப்பிடி சும்மா சுத்துது தம்பி, பூட்டு விழவே மாட்டேங்குது" என்பதுதான் டீச்சர் போனில் சொன்ன புகார். திருட்டுப் பயத்தைவிட அவருக்குக் குரங்குப் பயம் அதிகம். மலைப் பக்கத்திலிருந்து இறங்கி வரும் குரங்குகளுக்குப் பூட்டாத ஸ்லைடிங் கதவு ஒரு பொருட்டே இல்லை. தாழ்ப்பாளை நீக்கத் தெரிய வேண்டியதில்லை, கதவை உள்ளே தள்ளும் பலமும் வேண்டியதில்லை. விளிம்பில் விரலைக் கொடுத்துப் பக்கவாட்டில் இழுத்தால் போதும். ஏற்கெனவே ஒரு கூட்டம் உள்ளே வந்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்த வாழைப்பழச் சீப்பைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது.

எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். ஒருவர், இந்த மாடல் பூட்டு இப்போது வருவதில்லை, கதவையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இன்னொருவர் கதவில் கொண்டியும் நாதாங்கியும் அடித்துத் திண்டுக்கல் பூட்டுப் போட்டுவிடலாம் என்றிருக்கிறார். இந்த இரண்டாவது யோசனை டீச்சரின் கணவருக்குப் பிடித்துப்போய், ஒரு மாங்காய்ப் பூட்டை வாங்கியும் வைத்திருந்தார். திண்டுக்கல் பூட்டின் மேல் எனக்கும் மரியாதை உண்டு. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, மரக்கதவிலோ இரும்புக் கேட்டிலோ அதற்கு இணையில்லை. ஆனால் யுபிவிசி சட்டத்தின் சுவர் கனம் இரண்டு, இரண்டரை மி.மீ.தான். உள்ளே இருக்கும் இரும்புப் பட்டியில் போய்ப் பிடிக்காத ஸ்குரூ எதுவும் அங்கே நிற்காது. அதைவிட முக்கியம், அந்தச் சட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பது டஃபன்டு கண்ணாடி, அதாவது சூடேற்றி உறுதியாக்கியது. துளை போடும் பிட் கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டுவிட்டால் முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். வெளிப்பக்கம் பூட்டுத் தொங்கினால் உள்ளே இருப்பவர் வெளியே வர வழியில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னதும் சார் மாங்காய்ப் பூட்டை அலமாரியில் வைத்துவிட்டார்.

பார்த்தது

இந்த மாதிரி கதவில் கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் பழுது எங்கே என்று பிடிக்க முடியும். கைப்பிடிக்குப் பின்னால் ஒரு சதுரக் கம்பி. அது கதவின் நெட்டுச் சட்டத்துக்குள் இருக்கும் ஒரு சின்னப் பெட்டிக்குள் போகிறது. பெட்டிக்கு மேலும் கீழும் நீளமான பட்டி ஓடுகிறது. கைப்பிடி திரும்ப, பெட்டி அந்தப் பட்டியை ஏற்றி இறக்கும். பட்டியோடு சேர்ந்த கொக்கிகள் நிலையில் பொருத்தியிருக்கும் கீப்பர் என்ற துளைத் தகட்டுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். இந்தப் பெட்டியும் பட்டியும் சேர்ந்ததைத்தான் கடையில் மல்டிபாயிண்ட் லாக் என்றோ கியர் என்றோ கேட்கிறோம். சாவி போடும் சிலிண்டர் தனி உறுப்பு. அது கியரை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆகவே "பூட்டு உடைந்துவிட்டது" என்று ஒருவர் சொன்னால் அது கைப்பிடியாக இருக்கலாம், சதுரக் கம்பியாக இருக்கலாம், சிலிண்டராக இருக்கலாம், கியராக இருக்கலாம், கீப்பராகவும் இருக்கலாம்.

முதலில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கைப்பிடியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். திறந்த நிலையில் கொக்கி ஒழுங்காக ஏறி இறங்கி, மூடினால் மட்டும் மாட்டவில்லை என்றால் பூட்டில் கோளாறு இல்லை. கதவும் நிலையும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. திறந்த நிலையிலேயே வேலை செய்யவில்லை என்றால் கியர் போய்விட்டது. இங்கே கைப்பிடி 'டொக்' என்ற சத்தத்தோடு சுற்றியது, கொக்கி பாதி வழியில் நின்றது. சாவி மட்டும் வழுவழுவென்று திரும்பியது. சிலிண்டர் நன்றாக இருக்கிறது, கியர் காலி. அது வரைக்கும் சுலபம்.

பலர் இங்கேயே நிறுத்திவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். நாங்கள் கீப்பரைப் பார்த்தோம். கீப்பரின் துளைக்குக் கீழ் விளிம்பில் பளபளவென்று ஒரு தேய்மானம், கத்தி தீட்டிய கல் மாதிரி. கொக்கி துளைக்குள் போகாமல் ரொம்ப நாளாகக் கீழ் விளிம்பில் இடித்து இடித்து உரசியிருக்கிறது. அப்படியென்றால் கதவு இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை. கதவை மெதுவாக மூடி, நிலையைத் தொடும் இடத்தில் நிறுத்திப் பார்த்தால் மேல் மூலை முதலில் தொட்டது. கீழே 9 மி.மீ. இடைவெளி ஆப்பு மாதிரி விரிந்து நின்றது. கதவின் அகலம் 4 அடி, உயரம் 7 அடி. கணக்குப் போட்டால், பூட்டுப் பக்கத்து அடிமூலை சுமார் 5 மி.மீ. கீழே இறங்கியிருந்தால்தான் நெட்டுச் சட்டம் இவ்வளவு சாயும்.

டீச்சரிடம் கேட்டபோது, பூட்டு திடீரென்று உடையவில்லை என்பது தெரிந்தது. மழைக்காலம் முடிந்ததிலிருந்தே கைப்பிடி இறுக்கமாம். "சார் வந்து கதவை அங்கிட்டு ஒரு தூக்குத் தூக்கி, இடுப்பால முட்டுக் குடுத்துத்தான் பூட்டுவாரு." அதிலும் மத்தியானத்தில் ரொம்ப இறுக்கம் என்றார். அதற்கும் காரணம் இருக்கிறது. யுபிவிசி சூட்டில் நீளும், ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 0.07 மி.மீ. மேற்கு வெயில் நேராக அடிக்கும்போது கதவின் வெளிமுகம் சூடேறி நீளப் பார்க்கும், உள்முகம் அவ்வளவு நீளாது. இரு முகத்துக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்றால் 2 மீட்டர் சட்டத்தில் 1.4 மி.மீ. உள்ளே இருக்கும் இரும்புப் பட்டி இதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். இருந்தாலும் நெட்டுச் சட்டம் நடுவில் வெயில் பக்கமாகக் கொஞ்சம் வளையும். நேராக நிற்கும் கதவில் இது தெரியவே தெரியாது. ஏற்கெனவே கொக்கி விளிம்பில் இடித்துக்கொண்டிருக்கும் கதவில் மத்தியானம் மூன்று மணிக்குக் கைப்பிடியோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

கியரைக் கழற்றி வெளியே எடுத்துப் பெட்டியைப் பிரித்தோம். சதுரக் கம்பி போய் உட்காரும் துண்டு, துத்தநாகக் கலவையில் வார்த்தது, ஒரு மூலையில் விண்டிருந்தது. சாதாரணத் திருப்பலுக்கு அது பல வருடம் தாங்கும். கொக்கி கீப்பரில் முட்டி நிற்கும்போது கைப்பிடியை ஓங்கித் திருப்பினால், அந்த நீளக் கைப்பிடி நெம்புகோலாகி மொத்த விசையையும் விரல் நுனி அளவு வார்ப்பின் மேல் இறக்குகிறது. சார் கையில் பலம் அதிகம் என்று டீச்சர் சிரித்தார். பலத்தைக் குற்றம் சொல்ல முடியாது, பூட்டாமல் படுக்க முடியாதே.

கதவு ஏன் இறங்கியது

கதவை ஒரு ஆள் தூக்க முடியாது. 6 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 15 கிலோ. இந்தக் கதவில் கண்ணாடி மட்டும் 33 கிலோ வரும். சட்டமும் உள்ளிரும்பும் சேர்ந்தால் 45 கிலோவைத் தாண்டும். அவ்வளவும் அடியில் இருக்கும் இரண்டே ரோலர்கள் மேல்தான். கட்டும்போது போட்டிருந்தவை ஒற்றைச் சக்கர ரோலர்கள். ஜன்னலுக்குச் சரி, இந்த அளவுக் கதவுக்கு இரட்டைச் சக்கரம் போட்டிருக்க வேண்டும். பூட்டுப் பக்கத்து ரோலரை எடுத்துப் பார்த்தால் நைலான் சக்கரம் ஒரு பக்கம் சப்பையாகி, உள்ளே பேரிங் துருப்பிடித்துக் கரகரவென்று நின்றது. சக்கரம் உருளவே இல்லை, டிராக்கில் இழுபட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

பேரிங்கில் துரு எப்படி வந்தது? இதுதான் இந்த வீட்டில் எனக்குச் சுவாரசியமாக இருந்த பகுதி. டிராக்கின் வெளிப்பக்கம் மழைத் தண்ணீர் வடிவதற்கென்று சின்னச் சின்ன நீள்துளைகள் இருக்கும். அவற்றின் வழியாக எறும்பு வருகிறது என்று யாரோ எம்சீல் வைத்து மொத்தத்தையும் அடைத்துவிட்டார்கள். எறும்பு நின்றதோ என்னவோ, தண்ணீர் நின்றுவிட்டது. சிட்-அவுட்டைக் கழுவிவிடும்போதெல்லாம் டிராக்கில் தண்ணீர் தேங்கி, ரோலர் அதில் ஊறிக்கிடந்திருக்கிறது. போதாததற்கு, கதவு இறுக்கமானதும் தேங்காய் எண்ணெயை டிராக்கில் ஊற்றியிருக்கிறார்கள். ஆடிக் காற்றில் தோப்பு மண்ணெல்லாம் பறந்துவந்து அந்த எண்ணெயில் ஒட்டி, கருப்பாக ஒரு களிம்பு. விரலில் எடுத்துத் தேய்த்தால் உப்புத்தாள் போல நறநறத்தது. ஸ்லைடிங் டிராக்கில் எந்த எண்ணெயும் விடக்கூடாது. தூசி ஒட்டாத உலர்ந்த சிலிக்கான் ஸ்ப்ரே இருக்கிறது, அது இல்லாவிட்டால் ஒன்றுமே போடாமல் பிரஷ்ஷால் கூட்டிவிட்டாலே போதும்.

கதவு இறங்கினால் இன்னொரு ஆபத்தும் உண்டு, அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அடியில் 5 மி.மீ. இறங்கிய கதவு மேல் பள்ளத்தில் 5 மி.மீ. குறைவாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெளியே நின்று கடப்பாரையால் அடியில் நெம்பினால் டிராக்கைத் தாண்டித் தூக்கிவிடலாம், பூட்டை உடைக்கவே வேண்டாம். இதைத் தடுக்க மேல் பள்ளத்தில் ஒரு கட்டை வைப்பது வழக்கம். இந்த வீட்டில் அது இல்லை.

இந்த நிலையில் புதுக் கியரை மட்டும் வாங்கிப் போட்டிருந்தால் அன்றைக்கே பணம் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். கொக்கி மறுபடி அதே விளிம்பில் இடிக்கும், சார் மறுபடி இடுப்பால் முட்டுக் கொடுப்பார், அடுத்த மழைக்குள் அதே மூலை விண்டிருக்கும். கதவையே மாற்றச் சொன்னவரும் பூட்டைத்தான் பார்த்தார், கதவைப் பார்க்கவில்லை.

பொருள் தேடியது

புதுப் பூட்டு வருவதற்குள் இரவு கழிய வேண்டுமே. தோப்பில் கிடந்த ஒரு சவுக்குக் கம்பைக் கதவுக்கும் எதிர் நிலைக்கும் நடுவே டிராக்கில் அச்சாகக் கிடக்கும்படி அறுத்துப் போட்டோம். உள்பக்கம் கம்பு கிடந்தால் வெளியிலிருந்து கதவு நகராது. இரண்டு பேரும் ஊருக்குப் போகும் வீடு என்றால் பக்கத்துக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போவதும் நல்லது, ரோந்தில் வருபவர்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள்.

கடைக்குப் போகும்போது பழைய கியரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். போனில் போட்டோ அனுப்பி வாங்கினால் பாதி நேரம் பொருந்தாது. அளவு நான்கு முக்கியம். முகத்தட்டிலிருந்து, அதாவது கதவின் விளிம்பில் தெரியும் கியரின் நீளத் தகட்டிலிருந்து, சதுரத் துளையின் நடு வரைக்கும் உள்ள தூரம். இங்கே 25 மி.மீ. சதுரத் துளையின் நடுவிலிருந்து சாவித் துளையின் நடு வரைக்கும், இங்கே 92. முகத்தட்டின் அகலமும் மொத்த நீளமும். நான்காவது, கொக்கிகள் எந்தெந்த உயரத்தில் இருக்கின்றன என்பது. முதல் இரண்டும் ஒரு மி.மீ. மாறினாலும் கைப்பிடி உட்காராது. நீளம் கூடுதலாக இருந்தால் சில கியர்களில் முனையை அறுத்துக்கொள்ள இடம் விட்டிருப்பார்கள். கொக்கி உயரம் மாறினால் கீப்பரை நகர்த்திக்கொள்ளலாம். இந்த வரிசை தெரிந்தால் 'இந்த மாடல் வருவதில்லை' என்ற பேச்சுக்குப் பயப்பட வேண்டாம். மாடல் வராவிட்டால் போகட்டும், அளவு வருகிறதா என்று பார்த்தால் போதும். டவுனில் கிடைத்த கியர் வேறு கம்பெனி. முதல் இரண்டு அளவும் அச்சு அசல்; கொக்கி மட்டும் 20 மி.மீ. மேலே.

சிலிண்டர் நன்றாக இருந்தாலும் அதையும் மாற்றச் சொன்னது நான்தான். பழையது இருபக்கமும் சாவி போடும் வகை. இரவில் ஒரு அவசரம் என்றால் வயதானவர்கள் இருட்டில் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. உள்ளே குமிழ், வெளியே சாவி என்று இருப்பதை வாங்கினோம். சிலிண்டர் அளவை நடுவில் இருக்கும் ஸ்குரூத் துளையிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனியாக எடுக்க வேண்டும், மொத்த நீளத்தைச் சொன்னால் போதாது. வெளிப்பக்கம் கைப்பிடித் தட்டைவிட்டு இரண்டு, மூன்று மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் பிளையரால் பிடித்து முறித்துவிடுவார்கள், அந்த ஸ்குரூத் துளை இருக்கும் இடத்தில்தான் சிலிண்டரின் உடம்பு மெலிசு.

கியர் 1,450 ரூபாய், சிலிண்டர் 850, இரட்டைச் சக்கர ரோலர் ஜோடி 640. ஸ்குரூ, ஸ்ப்ரே எல்லாம் சேர்த்து இருநூறுக்குள். கதவையே மாற்றுவதற்கு அவர்களிடம் சொன்ன தொகையை இங்கே எழுதி வயிற்றெரிச்சலைக் கிளப்ப விரும்பவில்லை.

வேலை

கைப்பிடியின் இரண்டு ஸ்குரூ, சதுரக் கம்பி, பிறகு சிலிண்டர், கடைசியாகக் கியர் என்பதுதான் கழற்றும் வரிசை. சிலிண்டர் கியரைக் குறுக்கே துளைத்துக்கொண்டு நிற்பதால் அதை எடுக்காமல் கியரை உருவ முடியாது. முகத்தட்டில் இருக்கும் நீள ஸ்குரூவைக் கழற்றிவிட்டு இழுத்தாலும் சிலிண்டர் வராது. சாவியைப் போட்டுக் கொஞ்சம் திருப்பினால் நடுவில் இருக்கும் நாக்கு உடம்போடு ஒரே கோட்டுக்கு வரும், அப்போது வழுக்கிக்கொண்டு வரும். தெரியாதவர்கள் சுத்தியலை எடுப்பது இந்த இடத்தில்தான்.

கதவை இறக்க இரண்டு ஆள் வேண்டும். ரோலரின் ஸ்குரூவைத் தளர்த்திச் சக்கரத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, கதவை மேல் பள்ளத்துக்குள் முழுதாகத் தூக்கி, அடியை நம் பக்கம் இழுக்க வேண்டும். சமுக்காளத்தை விரித்து அதன் மேல் சுவரில் சாய்த்தோம். டஃபன்டு கண்ணாடியின் நடுவில் தட்டினால் தாங்கும், மூலையில் கல் தரை பட்டால் தாங்காது.

டிராக்கைச் சுரண்டி, எம்சீலை 5 மி.மீ. பிட்டால் குடைந்து எடுத்து, ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். வெளியே வடிந்தது. எறும்புக்கு டீச்சர் கேட்டார்; துளையின் வெளிமுகத்தில் மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலைத் துண்டு ஒட்டலாம், தண்ணீர் போகும், எறும்பு ஓரளவு நிற்கும். அலுமினியத் தண்டவாளத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் ஓட்டிப் பார்த்தோம், பிழைத்திருந்தது.

புது ரோலர்களோடு கதவை ஏற்றியபின் பூட்டைத் தொடவே இல்லை. முதலில் கதவு நிலைக்கு இணையாக நிற்க வேண்டும். கதவின் பக்கவாட்டில் அடியில் இருக்கும் துளை வழியாக ஸ்குரூவைத் திருப்பினால் அந்த மூலை ஏறும், இறங்கும். பூட்டுப் பக்கத்தை ஏற்றிக்கொண்டே வந்து, மேலும் கீழும் ஒரே நேரத்தில் நிலையைத் தொடும் இடத்தில் நிறுத்தினோம். மேல் பள்ளத்தில் கட்டையையும் வைத்தாயிற்று. இதெல்லாம் முடிந்த பிறகுதான் கியர், சிலிண்டர், கைப்பிடி. கைப்பிடி ஸ்குரூவை முறுக்கோ முறுக்கு என்று முறுக்கினால் சட்டம் அழுந்தி உள்ளே பெட்டி கடிக்கும், கைக்கு இறுக்கம் தெரிந்ததும் விட்டுவிட வேண்டும்.

கீப்பரை எங்கே வைப்பது என்பதற்கு டீச்சரின் பூஜை அலமாரியிலிருந்து குங்குமம் கேட்டு வாங்கி, இரண்டு சொட்டு எண்ணெயில் குழைத்துக் கொக்கி முனையில் தடவினோம். கதவை மூடிக் கைப்பிடியைத் திருப்பினால் நிலையில் பொட்டு வைத்தாற்போல விழும். அந்தப் பொட்டுக்கு நடுவே கீப்பரின் துளை வர வேண்டும். பழைய துளைகளைச் சிலிக்கானால் அடைத்துவிட்டு, நிலைக்குள் இருக்கும் இரும்பில் பிடிக்கும்படி செல்ஃப் டிரில்லிங் ஸ்குரூ போட்டோம். கீப்பரை முதலில் பாதி இறுக்கமாகத்தான் விட்டோம். காலை வேளையில் எல்லாம் அழகாக விழும்; மேற்கு வெயில் கதவில் ஏறியபின் மறுபடி குங்குமம் வைத்துப் பார்த்ததில் பொட்டு வெளிப்பக்கம் ஒரு மி.மீ. தள்ளியிருந்தது. இரண்டு பொட்டுக்கும் நடுவில் கீப்பரை நிறுத்தி முழுதாக இறுக்கினோம்.

பிறகு

ஆடிக் காற்று ஓய்ந்ததும் போய்ப் பார்த்தபோது கைப்பிடி ஒரு விரலுக்குத் திரும்பியது. புது ரோலர் கொஞ்சம் அமர்ந்திருந்ததால் பூட்டுப் பக்கத்து ஸ்குரூவை மட்டும் கால் சுற்று ஏற்றிவிட்டோம். டிராக்கில் தூசி இருந்தது, எண்ணெய் இல்லை. குரங்குகள் வருவது நிற்கவில்லையாம்; கண்ணாடியில் கைவைத்துப் பார்த்துவிட்டுப் போய்விடுகின்றனவாம். மாங்காய்ப் பூட்டு மொட்டைமாடிக் கிரில்லுக்குப் போய்விட்டது.

கொசுவலைக் கதவின் ரோலர்களும் அதே தண்ணீரில் ஊறியவைதான், தள்ளினால் கரகரக்கிறது. அதில் பூட்டு இல்லை, எடையும் குறைவு. பொங்கலுக்குப் பிள்ளைகள் வரும்போது வலையையும் சேர்த்து மாற்றிக்கொள்ளலாம் என்று டீச்சர் தள்ளிவைத்திருக்கிறார்.